அடிவிழும்போது கேமரா பிடித்திருந்தவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புகைப்படம் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் ஒவ்வொரு வருடமும் இரண்டு படத் தொடர்களைக் காட்டுவேன். இரண்டும் அமெரிக்காவில் எடுத்தவை. இரண்டிலும் ஒருவன் தன்னோடு வாழ்கிற பெண்ணை அடிக்கிறான். இரண்டையும் எடுத்தவர்கள் பெண்கள். படங்கள் திரையில் ஓடும்வரை வகுப்பில் சத்தமே இருக்காது. விளக்கைப் போட்டதும் கேள்விகள் ஆரம்பிக்கும். பல வருடமாகக் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

எந்தப் படங்களைப் பற்றிச் சொல்கிறீர்கள்?

முதல் தொடர் சாரா நவோமி லெவ்கோவிச் எடுத்தது. 2012இல் ஒஹாயோ பல்கலைக்கழகத்தில் புகைப்பட இதழியல் படித்துக்கொண்டிருந்தார். அந்த செப்டம்பரில் ஒரு ஊர்த் திருவிழாவில் ஒரு ஜோடியைப் பார்த்தார். அவனுக்கு 31 வயது, சிறைக்குப் போய் வந்தவன், அந்தப் பெண்ணின் பெயரைக் கழுத்தில் பச்சை குத்தியிருந்தான். அவளுக்கு 19 வயது, கணவனைப் பிரிந்தவள், கையில் இரண்டு சிறு குழந்தைகள். சிறையிலிருந்து வருகிறவர்கள் மறுபடியும் குடும்பம், வேலை என்று நிலைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதைப் படமாக்கத்தான் லெவ்கோவிச் அவர்களோடு பழக ஆரம்பித்தார். நவம்பரில் ஒரு இரவு, லெவ்கோவிச் அவர்களோடு வீட்டில் இருக்கும்போதே, சமையலறையில் அவன் அவளை அடித்தான். 2013 பிப்ரவரியில் டைம் இதழின் இணையதளம் அந்தப் படங்களை வெளியிட்டது. 2014இல் வேர்ல்ட் பிரஸ் ஃபோட்டோ என்ற சர்வதேசச் செய்திப்படப் போட்டியின் சமகாலப் பிரச்சினைகள் பிரிவில் முதல் பரிசும் கிடைத்தது.

இரண்டாவது தொடர் முப்பது வருடம் முந்தையது, டோனா ஃபெராட்டோ எடுத்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடிக்கிறான், இவர் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாரா? மனசாட்சியே இல்லையா?

எப்போதும் முதலில் வருவது இதுதான், கோபத்தோடுதான் வரும். கோபம் நியாயமானது. ஆனால் அந்தச் சமையலறையில் என்ன நடந்தது என்பதை வரிசையாகப் பார்க்க வேண்டும்.

அன்று சாயங்காலம் லெவ்கோவிச் தன் கைப்பேசியை அவனுக்கு இரவல் கொடுத்திருந்தார். சண்டை ஆரம்பித்தபோது அது அவன் பாக்கெட்டில் இருந்தது. அவன் கவனிக்காத நேரத்தில் பாக்கெட்டில் கைவிட்டு அதை எடுத்து, வீட்டில் இருந்த இன்னொருவரிடம் கொடுத்து, போலீஸைக் கூப்பிடச் சொன்னார். அதற்குப் பிறகுதான் தொடர்ந்து படம் எடுத்தார். அடிக்கிறவன் பாக்கெட்டில் கைவிட்ட இந்த விஷயம் எந்தப் படத்திலும் இல்லை. படத்தில் இல்லாததால் நடக்கவில்லை என்று நாம் நினைத்துவிடுகிறோம்.

அவன் அவளைச் சுவரோடு சேர்த்துத் தள்ளினான், கழுத்தை நெரித்தான். இங்கேயே அடிவாங்குகிறாயா, இல்லை கீழ்த்தளத்துக்கு வந்து தனியாகப் பேசுகிறாயா என்று கேட்டான். அவள் கீழே போகவில்லை. ஆட்கள் இருக்கும் இடத்தில் இருப்பதே உயிருக்குக் கொஞ்சமாவது காப்பு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த ஆட்களில் லெவ்கோவிச்சும் ஒருவர். கேமரா பிடித்தபடியே அவர் அங்கே நின்றதற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு.

குறுக்கே விழுந்து தடுத்திருக்கலாமே?

பிற்பாடு லெவ்கோவிச் காவல்துறையினரிடமே கேட்டிருக்கிறார். உடலால் குறுக்கிட்டிருந்தால் அவருக்கும் ஆபத்து, அந்தப் பெண்ணுக்கு அதைவிட ஆபத்து என்று சொல்லியிருக்கிறார்கள். இது எல்லாச் சந்தர்ப்பத்துக்கும் பொருந்தாது. ஆள் பலம் இருக்கிற இடம், அடிக்கிறவன் கையில் என்ன இருக்கிறது, வெளியேற வழி உண்டா என்பதைப் பொறுத்து மாறும். நான் அழுத்திச் சொல்வது ஒன்றைத்தான்: போலீஸுக்குச் சொல்லாமல் படம் மட்டும் எடுத்திருந்தால் இந்தப் பதிலே வேறு மாதிரி இருந்திருக்கும்.

முப்பது வருடத்துக்கு முன்னால் எடுத்தவர் என்ன செய்தார்?

டோனா ஃபெராட்டோவும் அடிதடியைப் படமெடுக்கப் போகவில்லை. ஒரு ஜப்பானியப் பத்திரிகைக்காக, நியூ ஜெர்சியில் பெரிய மாளிகையில் வாழ்ந்த ஒரு பணக்காரத் தம்பதியின் கட்டுப்பாடற்ற, உல்லாச வாழ்க்கையைப் படமெடுக்கப் போனார். 1982இல் ஒரு இரவு சத்தம் கேட்டுக் குளியலறைக்கு ஓடினால், கணவன் மனைவியை அடித்துக்கொண்டிருக்கிறான். கேமராவைப் பார்த்தால் நிறுத்திவிடுவான் என்று நினைத்து ஒரு படம் எடுத்தார். அவன் நிறுத்தவில்லை. மறுபடி கை ஓங்கியபோது ஃபெராட்டோ அந்தக் கையைப் பிடித்தார். அவள் என் மனைவி, என்னிடம் பொய் சொல்லக்கூடாது என்று அவளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன் என்பதுபோல அவன் பதில் சொன்னான்.

அந்தப் படத்தில் சுவர் முழுக்கக் கண்ணாடி. ஓங்கிய கை இரண்டாகத் தெரியும். பணம் இருக்கிற வீட்டுக் குளியலறை என்று பார்த்த உடனே புரிந்துவிடும். குடித்துவிட்டு அடிப்பது ஏழை வீட்டுப் பிரச்சினை என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்தக் கண்ணாடிதான் முதல் அடி. ஃபெராட்டோ அதைப் பத்திரிகை பத்திரிகையாகக் கொண்டுபோனார், ஆசிரியர்கள் போட மறுத்தார்கள். 1991இல் அவரே புத்தகமாகக் கொண்டுவந்தார். நடுவில் பெண்கள் காப்பகங்களிலும் போலீஸ் வண்டிகளிலும் பல வருடம் சுற்றினார். பின்னாளில் டைம் இதழ் உலகை பாதித்த 100 படங்கள் என்று தொகுத்தபோது அந்தக் குளியலறைப் படமும் அதில் இருந்தது.

ஒருவர் சிறையிலிருந்து வந்தவனின் புது வாழ்க்கையைத் தேடிப் போனார், இன்னொருவர் உல்லாசத்தைத் தேடிப் போனார். இரண்டு பேருமே அன்யோன்யம் என்று நினைத்துப் படமெடுத்த ஜோடிகள்தான் அவர்கள். அடிக்கு முந்தைய படங்களைப் பார்த்தால் நாமும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

கேமரா இருந்ததால்தான் அவன் ஜாஸ்தி பண்ணினானோ?

கேமராவுக்காக அடித்தான் என்பதற்கு இரண்டு தொடரிலும் எந்த அறிகுறியும் இல்லை. கேமராவைப் பார்த்தும் அவன் வெட்கப்படவில்லை என்பதுதான் எனக்குத் திகிலாக இருக்கிறது. தப்புச் செய்கிறோம் என்று நினைக்கிறவன் லென்ஸைப் பார்த்தால் பதறுவான். உரிமையைத்தான் செலுத்துகிறோம் என்று நினைக்கிறவன் எதற்குப் பதற வேண்டும்?

அடிபட்ட பெண் சம்மதித்தாளா?

சம்மதம் என்பது ஒரு தடவை தலையாட்டி முடிகிற விஷயமில்லை. படமெடுக்க, படத்தை வெளியிட, இத்தனை வருடம் கழித்தும் அது சுற்றிக்கொண்டிருக்க என்று மூன்று தனித்தனிச் சம்மதங்கள் வேண்டும். அடிபட்ட அரை மணி நேரத்தில் ஒரு பெண் சொல்கிற 'சரி'யை வைத்துக்கொண்டு இந்த மூன்றையும் முடித்துவிட முடியாது. ஒஹாயோ பெண், அந்த இரவுக்குப் பிறகும் படமெடுப்பது தொடரட்டும் என்று சொன்னாள். தன் கதை வெளியே தெரிய வேண்டும் என்றும் சொன்னாள். அலாஸ்காவில் ராணுவத்தில் இருந்த கணவனிடம் அவள் குழந்தைகளோடு திரும்பிப் போனபோது லெவ்கோவிச் அங்கேயும் போய்ப் படமெடுத்தார். அந்த வகையில் இது கண்ணியமாகச் செய்த வேலைதான்.

ஆனால் சம்மதம் சொன்னபோது அவளுக்குக் காட்ட முடியாத ஒன்று இருந்தது: படங்கள் வெளியான பிறகு கீழே வந்த கருத்துகள். ஒரு கூட்டம் புகைப்படக்காரரைத் திட்டியது. இன்னொரு கூட்டம் அவளையே திட்டியது. ஏன் கணவனை விட்டு வந்தாள், சிறைக்குப் போனவனோடு ஏன் சேர்ந்தாள், குழந்தைகளை ஏன் அங்கே வைத்திருந்தாள். அடித்தவனைத் திட்டியவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பெண் அடிபட்டாள் என்று கேள்விப்பட்டதும் 'என்ன பண்ணுனா?' என்று கேட்கிற பழக்கம் நம் தெருவுக்கு மட்டும் சொந்தமில்லை போலிருக்கிறது.

ஃபெராட்டோ தன் புத்தகத்தில் அந்தத் தம்பதியின் பெயர்களை மாற்றியிருந்தார். லெவ்கோவிச்சின் படங்கள் வந்த காலத்தில் பெயர் மாற்றி மட்டும் ஒன்றும் ஆகாது. முகம் தெரிந்தால் போதும், ஊர்க்காரர்கள் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

அந்தப் படங்களில் ஒரு குழந்தை இருக்கிறதே?

இருக்கிறது. இரண்டு வயதுகூட நிறையாத பெண் குழந்தை. அம்மாவை அடிக்கும்போது நடுவில் வந்து நிற்கிறது, காலை உதைத்து அழுகிறது. தொடரிலேயே மறக்க முடியாத படமும் அதுதான், எனக்கு ஒப்பாத படமும் அதுதான். தாய் சம்மதம் கொடுக்கலாம். ஆனால் பதினைந்து வயதில் அந்தப் பிள்ளை தன் பெயரைத் தேடும்போது திரையில் வரப்போவது இந்த முகம்தானே?

இதே படம் நம் நாட்டில் எடுக்கப்பட்டு, வழக்கும் பதிவாகியிருந்தால் வெளியிட்டிருக்கவே முடியாது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 74: விசாரணையில் இருக்கும் ஒரு குற்றத்தால் பாதிக்கப்பட்ட குழந்தை மட்டுமில்லை, அதைப் பார்த்த சாட்சியான குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் ஊடகத்தில் வெளியிடக்கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். வீட்டுச் சண்டை வீடியோவை ஒரு டிவி போடும்போது மனைவியின் முகத்தை மறைத்துவிட்டு ஓரத்தில் நிற்கிற பையனை அப்படியே விட்டுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. 1988இல் ஃபெராட்டோ எடுத்த ஒரு படத்தில் எட்டு வயதுப் பையன், போலீஸ் விலங்கு மாட்டிய அப்பாவை நோக்கி விரல் நீட்டிக் கத்துகிறான், அம்மாவை அடித்ததற்காக உன்னை வெறுக்கிறேன், இனி இந்த வீட்டுக்கு வராதே என்று. அந்த முகத்தை மங்கலாக்கினால் அந்தப் படத்தில் ஒன்றுமே மிஞ்சாது. இரண்டு குழந்தைகளுக்கும் நடுவில் எங்கே கோடு போடுவது என்று ஒவ்வொரு வருடமும் வகுப்பு பிரிந்துவிடும். கை தூக்கச் சொன்னால் நானே சில வருடம் கட்சி மாறியிருக்கிறேன்.

அடித்தவன் முகத்தை மறைக்க வேண்டுமா?

தீர்ப்பு வரும்வரை அவன் குற்றம் சாட்டப்பட்டவன் மட்டுமே, பத்திரிகையில் வேலை செய்கிறவர் அதை மறக்கக்கூடாது. ஒஹாயோக்காரன் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனான், அதனால் அங்கே பிரச்சினை எழவில்லை. அவன்மேல் எனக்கு இரக்கம் வருவதில்லை. ஆனால் முகம் வெளியான பிறகு அவன் யாரைப் பழிவாங்கப் போவான் என்று யோசித்தால் பதில் மறுபடியும் அவளிடம்தான் வந்து நிற்கிறது.

இந்தப் படங்களால் ஏதாவது மாறியதா, இல்லை பரிசு வாங்கியதோடு சரியா?

படம் ஒன்று சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அமெரிக்காவில் 1994இல் வந்த பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான சட்டத்துக்குப் பின்னால் பல வருடம் தெருவில் நின்ற பெண்கள் இயக்கங்கள் இருக்கின்றன. ஃபெராட்டோவின் படங்கள் அதற்கு ஒரு கை கொடுத்தன, அவ்வளவுதான். குடும்ப வன்முறையைப் பற்றிய விழிப்புணர்வுக்காக 1991இல் ஒரு அமைப்பையும் ஆரம்பித்தார்.

ஒஹாயோ தொடரில் ஒரு படம், அதிகம் யாரும் பேசாதது. போலீஸ் வந்துவிட்டது. அவள் சிகரெட் புகைத்துக்கொண்டு அழுகிறாள். ஒரு காவலர், புகாரில் கையெழுத்துப் போடச் சொல்லி அவளோடு பேசிக்கொண்டிருக்கிறார். இவர்கள் நிறுத்தவே மாட்டார்கள், கொன்ற பிறகுதான் நிறுத்துவார்கள் என்கிற பொருளில் அவளிடம் சொல்லப்பட்டது. புகார் கொடுக்கிற அந்த ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு பொறுமை வேண்டும் என்று அந்தப் படம் காட்டுகிறது. காவலர் பயிற்சிக்கு யாராவது படம் கேட்டால் அடிக்கிற படத்தைக் கொடுக்க மாட்டேன், இதைத்தான் கொடுப்பேன்.

அடிபட்டவரே தன்னைப் படமெடுத்தால்?

அங்கே கணக்கே மாறிவிடும். நேன் கோல்டின் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர், காதலனிடம் அடிவாங்கி ஒரு மாதம் கழித்து 1984இல் தன்னையே படமெடுக்க வைத்தார். ஒரு கண்ணின் வெள்ளை முழுக்க ரத்தம். உதட்டில் பளிச்சென்ற சிவப்புச் சாயம், காதில் தோடு, கழுத்தில் முத்துமாலை. கேமராவை நேராகப் பார்க்கிறார். திரும்ப அவனிடம் போய்விடக்கூடாது என்று தனக்கே நினைவூட்டிக்கொள்ள எடுத்த படம். சம்மதம், அடையாளம் எதையும் நாம் விவாதிக்கத் தேவையில்லாத படம் அது ஒன்றுதான்.

செய்திகளில் வருகிற கறுத்த கண், மூலையில் குறுகி உட்கார்ந்த பெண் படங்கள்?

சுவரில் ஓங்கிய கையின் நிழல், தலையைக் கவிழ்த்து உட்கார்ந்த பெண். அந்த ஒரே படத்தை எத்தனை செய்திக்குத்தான் போடுவார்கள்! அதைப் பார்த்துப் பார்த்து, கண் கறுக்காவிட்டால் அது வன்முறையே இல்லை என்று ஆகிவிட்டது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் உடல் காயத்தோடு பாலியல் கொடுமை, வார்த்தையால் புண்படுத்துவது, சம்பளத்தைப் பிடுங்குவது, செலவுக்குப் பணம் தராமல் வைப்பது எல்லாவற்றையும் சேர்த்திருக்கிறது. ஏ.டி.எம். அட்டையை மாமியார் பீரோவில் பூட்டி வைப்பதை எப்படிப் படமெடுப்பீர்கள்?

இன்னொன்று, நம் தோலில் ரத்தக்கட்டு அவ்வளவு சுலபமாகத் தெரியாது. வெள்ளைத்தோலில் பளிச்சென்று ஊதாவாகத் தெரிவது மாநிறத்தில் லேசான நிழல்போல இருக்கும், கறுத்த தோலில் பல நேரம் வீக்கம் மட்டும்தான் தெரியும். அதற்கு மேல், கழுத்தை நெரித்தால் வெளியே தடமே இல்லாமலும் போகலாம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் எத்தனை பேருடைய காயம் ஒரு படத்தில் தெரிந்திருக்கும்?

பக்கத்து வீட்டில் அடி விழுகிறது. போனில் வீடியோ எடுக்கலாமா?

முதலில் அதே போனில் 181க்கோ 112க்கோ கூப்பிடுங்கள். இலங்கையில் என்றால் 1938, அவசரத்துக்கு 119. அப்புறம் கதவைத் தட்டுங்கள், தனியாகப் போகாதீர்கள். 'சர்க்கரை இருக்காக்கா?' என்று கேட்டாலே போதும், ஓங்கிய கை கொஞ்சம் தாழும். வெளியார் புகார் சொன்னால் நம்மேல் கேஸ் வரும் என்று பயப்படுகிறார்கள். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு, நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மேல் எந்த வழக்கும் வராது என்கிறது. மாவட்டத்தில் இதற்கென்றே பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார்.

எடுத்த வீடியோ அவளுடையது. அவளிடம் அல்லது போலீஸிடம் கொடுங்கள். அபார்ட்மென்ட் வாட்ஸப் குழுவில் போட்டீர்கள் என்றால் நீங்கள் செய்தது உதவி இல்லை.

என் காயத்தை நானே படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டுமா?

முடிந்தால் எடுங்கள். முதலில் முகத்தோடு சேர்த்துக் கொஞ்சம் தூரத்திலிருந்து, பிறகு காயத்துக்குப் பக்கத்தில், கடைசியாக ஒரு ஸ்கேலோ ரூபாய் நாணயமோ பக்கத்தில் வைத்து. ஃப்ளாஷ் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் வீக்கம் தெரியும். ரத்தக்கட்டு பல நேரம் இரண்டாம் மூன்றாம் நாள்தான் நன்றாகத் தெரியும், அப்போதும் எடுங்கள். ஃபில்டர், எடிட் எதுவும் வேண்டாம். கிழிந்த ரவிக்கை, உடைந்த டம்ளர், சுவரில் விழுந்த குழி எல்லாமே எடுக்க வேண்டியவைதான்.

வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், எடுத்த நேர விவரமும் போய்விடும். டாக்குமென்டாக அனுப்புங்கள். எடுத்த போனைத் தூக்கிப் போடாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவில் ஒரு சான்றிதழ் கேட்பார்கள், அதற்கு மூலக் கோப்பு வேண்டும். ஆனால் அவன் உங்கள் போனை நோண்டுகிறவன் என்றால், கூகுள் ஃபோட்டோஸ் வீட்டு டிவியில் தானாக ஓடுகிற வீடு என்றால், படம் எடுப்பதே ஆபத்து. அக்காவின் போனிலோ கூட வேலை செய்கிறவர் போனிலோ எடுக்கச் சொல்லுங்கள்.

படத்தைவிட உறுதியான காகிதம் ஒன்று உண்டு. அரசு மருத்துவமனையில் காட்டி ஏ.ஆர். (ஆக்ஸிடென்ட் ரெஜிஸ்டர், காயத்தைப் பதிவு செய்யும் பதிவேடு) போடச் சொல்லுங்கள். அங்கே 'வழுக்கி விழுந்துட்டேன்' என்று சொன்னால் அதுதான் பதிவாகும், பிறகு மாற்றுவது கஷ்டம்.

அந்தச் சமையலறையில் நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

சமையலறையில் இல்லை, ஒரு வளைகாப்பில் இருந்தேன். அப்போது கல்யாணம், காதுகுத்து என்று எல்லாம் எடுத்துக்கொண்டிருந்தேன். ஏழாம் மாதம். இரண்டு கையிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம். ரவிக்கைக் கைக்கும் வளையலுக்கும் நடுவில், மேல்கையில், நான்கு விரல் தடம். எடுக்கும்போது நான் கவனிக்கவில்லை. ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க அந்தப் பெண்ணின் அம்மா கடைக்கு வந்தபோது அவர்தான் திரையில் விரல் வைத்தார். "தம்பி, இங்க கறுப்பாத் தெரியுதே, அதை மட்டும் எடுத்துருங்க."

எடுத்துவிட்டேன். இரண்டு நிமிட வேலை. ஃபோட்டோஷாப்பில் அந்தக் கருவிக்கு ஹீலிங் பிரஷ் என்று பெயர். பதினொரு படத்தில் எடுத்தேன். மீதிப் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிள்ளை பிறந்ததும் சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். சொல்லி அனுப்பவும் இல்லை, நானும் விசாரிக்கவில்லை. திருத்தாத படங்கள் பழைய ஹார்ட் டிஸ்கில் இன்னும் இருக்கின்றன.